ஒருநாள் காப்பகம்

அவள் குழந்தைச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் டெய்லர். அந்தச் சட்டைகளை வாங்கி விற்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு நல்ல பெயர். விற்கிற ஒவ்வொரு சட்டையிலும் ஒரு பங்கு ஏழைப் பிள்ளைகளுக்குப் போகிறதாம். தைக்கிற தாய்மார்களின் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலையிலேயே காப்பகமாம்.

காப்பகம் இருந்தது என்னவோ உண்மைதான். உள்ளே அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

ஒரு சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தார். "நாளைக்குக் கம்பெனியிலேர்ந்து பார்க்க வர்றாங்க. சின்னப் பிள்ளை இருக்கறவங்க கூட்டிட்டு வந்துடுங்க. பளிச்சுனு இருக்கணும்."

அவள் மகளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் நாத்தனார் வீட்டில் விடுவாள். நாத்தனாரும் வேலைக்குப் போகிறவள். டிவியைப் போட்டுவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவாள். ஏன் என்று கேட்க வழியில்லை. அந்தக் கதவும் இல்லையென்றால் பிள்ளையை எங்கே விடுவது?

மறுநாள் காப்பகத்தில் பெட்டிகளைக் காணோம். மெத்தை, சறுக்குமரம், புதுப் பொம்மைகள். வாயாடி சறுக்குமரத்தை விட்டு இறங்கவே இல்லை.

கம்பெனிக்காரப் பெண்மணிக்கு இவர்கள் பாஷை தெரியாது. மானேஜர்தான் மொழிபெயர்த்தார். படம் எடுப்பதற்காக அவளையும் தையல் லைனிலிருந்து அழைத்திருந்தார்கள். பெண்மணி தரையில் மண்டியிட்டு வாயாடியின் கன்னத்தைத் தொட்டு ஏதோ கேட்டாள்.

"தினமும் இங்க வர்றியான்னு கேக்கறாங்க, பாப்பா."

"இல்லையே! இன்னைக்குத்தான் வந்தேன். நேத்து அத்தை என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க."

மானேஜர் முகத்தில் சலனமே இல்லை. சிரித்தபடி என்னவோ சொன்னார். பெண்மணி மனம் குளிர்ந்து வாயாடியை அணைத்துக்கொண்டாள். பிறகு தாயின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள்.

"உனக்கு ஏதாவது குறை உண்டாம்மா? தாராளமா சொல்லு" என்றார் மானேஜர்.

என்ன சொன்னாலும் அவர் வாய் வழியாகத்தானே போக வேண்டும். இல்லை என்று தலையாட்டினாள்.

அடுத்த நாள் அவள் எழுவதற்குள் வாயாடி செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "போலாமாம்மா?"

எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. ஒருவேளை விடுவார்களோ என்று அவளுக்கும் ஒரு நப்பாசை. கூட்டிக்கொண்டு போனாள்.

"பிள்ளைங்களை விட மாட்டாங்கம்மா" என்றார் வாட்ச்மேன். "நேத்து வேற, இன்னைக்கு வேற. என் கையில என்ன இருக்கு?"

கம்பிக் கதவு வழியாகப் பார்த்தபோது, பெட்டிகள் காப்பகத்துக்குள் திரும்பப் போய்க்கொண்டிருந்தன. வாயாடியும் பார்த்தாள். நாத்தனார் வீட்டில் தானாகவே உள்ளே போய் டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

"பூட்டிக்கோங்க அத்தை" என்றாள்.

அவள் மூச்சிரைக்க லைனுக்கு ஓடி வந்தபோது சூப்பர்வைசர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லியிருந்தார்.

"நாம பாஸாயிட்டோம்! காப்பகத்தைத்தான் ரொம்பப் பாராட்டியிருக்காங்க. எல்லாரும் ஒருதடவை கை தட்டுங்க."

தட்டினார்கள். அவளும் தட்டினாள்.