கறுப்பன் என்றால் பலசாலி

பிழைக்கப் போன நாட்டில், ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவில் அவளுக்கு இஸ்திரி வேலை. பக்கத்து மேசையில் அவளுடைய அண்ணி விரிப்புகளை மடிப்பாள். பெரிய மெஷின்களை ஓட்டுபவர் வேறு நாட்டுக்காரர், ஆஜானுபாகு. தமிழில் அவரைப் பற்றிப் பேசும்போது இருவருக்கும் அவர் "கறுப்பன்"தான். "கறுப்பன் ஈரத்தோட அள்ளிப் போட்டுட்டான் பாரு" என்பாள் அண்ணி.

ஒரு நாள் அவர் அந்த நாட்டுப் பொதுமொழியில் கேட்டேவிட்டார். "கறுப்பன், கறுப்பன்னு சொல்றீங்களே, அது நான்தானே? என்ன அர்த்தம்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பலசாலின்னு அர்த்தம்" என்றாள்.

மனிதருக்கு வாயெல்லாம் பல். அன்றிலிருந்து மூட்டையைத் தோளில் ஏற்றும்போதெல்லாம் "கறுப்பன்!" என்று மார்பைத் தட்டிக்கொள்வார். அண்ணி விரிப்பால் வாயைப் பொத்திச் சிரிப்பாள். அவளும் சிரித்தாள்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஒன்பது வயது மகளைக் கூடவே கூட்டி வந்தாள். அவர் குனிந்து குழந்தையிடம் கை நீட்டினார். "நான் கறுப்பன். இங்கேயே பெரிய பலசாலி!"

குழந்தைக்கு அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு. "அது திட்டுற வார்த்தை. தோல் கறுப்பா இருந்தா அப்படிச் சொல்லுவாங்க. அத்தை பையன் என்னைக் கறுப்பின்னு சொன்னா நான் அழுவேன். நீங்களே சொல்லிக்காதீங்க."

அண்ணியின் சிரிப்பு நின்றது. அவர் நிமிர்ந்து தாயைப் பார்த்தார். அவள் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் போனாள். "அது வெறும் நிறந்தாங்க. எங்க ஆளுங்க சாதாரணமா சொல்றது. நானும் கறுப்புதானே?"

"வெறும் நிறம்னா, என்கிட்ட ஏன் பலசாலின்னு சொன்னீங்க?"

கல்யாணப் பேச்சில் "பொண்ணு கொஞ்சம் கறுப்பு" என்று யாரோ குரலைத் தாழ்த்திச் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள் அவள். "மன்னிச்சுடுங்க" என்றாள். அவர் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனார்.

"இதுக்குப் போய்க் கறுப்பன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கணுமா?" என்றாள் அண்ணி.

"அவருக்குப் பேரு இருக்கு அண்ணி. உங்க பையன்கிட்டயும் சொல்லி வைங்க, என் பொண்ணுக்கும் பேரு இருக்கு."

"சரி, அவன் பேரு என்ன?"

இரண்டு வருஷம் கூட வேலை பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் போய்க் கேட்டாள். அவர் சொன்னார். அவள் வாயில் அது தப்பாக வந்தது. சிரிக்காமல் திருத்தினார். மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மெஷின் பக்கம் நடந்தார்.