எண்ணெய் இறங்கும்வரை

அன்று காலை மழை பெய்ததா என்று எனக்கு இப்போது நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. பெய்தது என்பாள் ஐஸ்மே. பொட்டுத் தூறல்கூட இல்லை என்பாள் அவள் அக்கா ஒடெட். இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டதில் எனக்குள் இரண்டும் கலந்துபோய்விட்டன. ஒடெட்டின் கடை வாசலில் நடந்ததை எதிர்வீட்டுப் படியிலிருந்து நானே பார்த்தேன். அதிலும் எவ்வளவு பார்த்தது, எவ்வளவு பிறகு சேர்த்துக்கொண்டது என்று சில சமயம் சந்தேகம் வரும்.

கப்பல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஐஸ்மேயின் கணவன் ஆல்பனுக்கு அந்தப் பயணம் ஒவ்வொரு நாளும் கல்யாண வீடு. வாழ்நாள் முழுக்க ஹடர்ஸ்ஃபீல்டில் பஸ் ஓட்டியவன், வேறொருவன் ஓட்ட, உட்கார்ந்து தின்றுகொண்டே வந்தான். ஐஸ்மேக்குத் தீவுகள் எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன. பல துறைகளில் அவள் இறங்கவேயில்லை. இந்த நீண்ட பயணத்துக்கு அவள் சம்மதித்ததே அவள் பிறந்த கிரெனடாவில் ஒரு பகல் நிற்கும் என்பதற்காகத்தான். அதை ஆல்பனிடம்கூடச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும், அவனும் சொல்லவில்லை.

அம்மா இறந்தது ஒரு புயல் வருடத்தில். ஐஸ்மேயின் விமானம் பார்படோஸில் ஒரு நாள் நின்றுவிட்டது. அவள் குவாவுக்கு, எங்கள் ஊருக்கு, வந்து சேர்ந்தபோது முந்தின நாளே மண் மூடியாகிவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் தட்டுகளோடு முற்றத்தில் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் ஐஸ்மே, "ஒரு நாள் வெச்சிருக்க முடியலையா உனக்கு?" என்று கேட்டாள். ஒடெட் பதில் சொல்லவில்லை. உலை வைத்த வீட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் ஐஸ்மே திரும்பி நடந்தாள். எங்கள் ஊரில் அதற்கு மேல் வசை கிடையாது. அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகூடப் போகவில்லை, வரவில்லை.

செயின்ட் ஜார்ஜஸ் துறையில் இறங்கி, குவாவுக்கு வேனில் ஏறினார்கள். கடலோரமாக வளைந்து வளைந்து போனது சாலை. அக்காவிடம் என்ன பேசுவது என்று கப்பலில் இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். ஒடெட்டின் கடையில் ரொட்டி, உப்புமீன், ரம், மண்ணெண்ணெய் எல்லாம் கிடைக்கும். வெளிச்சத்திலிருந்து கடையின் இருட்டுக்குள் நுழைந்ததும் ஒத்திகை எல்லாம் கரைந்துவிட்டது.

"அக்கா, நான்தான்" என்றாள்.

ஒடெட் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கிக்கொண்டேயிருந்தாள். டாமினோ ஆடிக்கொண்டிருந்த இருவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். வணக்கம் சொல்லாமல் ஒருவர் உள்ளே வந்தால், அவர் வரவேயில்லை என்றுதான் இங்கே கணக்கு. ராணியே வந்தாலும் அதே மரியாதை.

ஐஸ்மேக்குக் கன்னம் சுட்டது. ஊர் வழக்கத்தை மறந்த இத்தனை வருடக் குளிர் நாட்டு வாழ்க்கை ஒரே நொடியில் வெளியே தெரிந்துவிட்டது போலிருந்தது. மெதுவாகப் பின்வாங்கித் தெருவுக்கு வந்தாள். அங்கே நின்ற ஆல்பன் ஏதோ கேட்க வாயெடுத்தான். கையைக் காட்டி அடக்கிவிட்டு மறுபடி வாசற்படி ஏறினாள்.

"குட் மார்னிங்" என்றாள், கடை முழுவதற்கும்.

டாமினோக்காரர்கள் வாய்க்குள் சிரித்தார்கள். ஒடெட் கடைசி ரொட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கோயில்ல பன்னெண்டு மணி அடிச்சாச்சு" என்றாள். "குட் ஆப்டர்நூன்னு சொல்லணும். உங்க ஊர்ல மத்தியானமே வர்றதில்லையோ?"

அத்தனை வருடங்களுக்குப் பிறகு அக்காவிடமிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். ஐஸ்மே திருத்திச் சொன்னாள். பதில் வணக்கம் வந்தது. பின்னாலிருந்து ஆல்பனும் தொப்பியைக் கழற்றி, "குட் ஆப்டர்நூன், மிஸ் ஒடெட்" என்றான்.

"வாங்க மிஸ்டர் ஆல்பன். கப்பல்ல நல்லாத்தான் தீனி போடறாங்க போலிருக்கு. கதவு போதுமா, சுவத்த இடிக்கணுமா?"

கப்பல் எப்போது கிளம்பும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். ஐந்து மணிக்கு, நாலரைக்குள் ஏறிவிட வேண்டும் என்றான் ஆல்பன். சரி என்றோ முடியாது என்றோ அவள் சொல்லவில்லை. கடையை டாமினோக்காரர்களிடம் விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனாள். மரத்திலிருந்து சீமைப்பலா பறித்துப் போடும்படி பக்கத்து வீட்டு ஃபிட்ஸ்ராயைக் கூப்பிடும் குரல் கேட்டது.

ஆல்பனுக்கு முகம் மாறியது. "ஆயில் டவுனா?" என்றான் மனைவியிடம் மெதுவாக. "இப்ப ஆரம்பிச்சா எப்ப முடியும்?"

ஐஸ்மே கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டாள்.

அக்காளும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து சீமைப்பலாவைச் சீவினார்கள். தேங்காய் துருவிப் பிழிந்தார்கள். உப்புமீனை ஊறவைத்து முள் எடுத்தார்கள். சீமைப்பலாப் பால் பிசுக்கு ஏறிய விரல்களை ஒடெட் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைத் தங்கை பக்கம் நகர்த்தினாள். மூன்று கல் அடுப்பில் பெரிய பானை ஏறியது. அடியில் உப்புமீன், அதன்மேல் சீமைப்பலா, பச்சை வாழைக்காய், மாவு உருண்டை, மேலே சேப்பங்கிழங்கு இலை. மஞ்சள் கரைத்த தேங்காய்ப்பாலை ஊற்றி மூடினாள். இனி யாரும் மூடியைத் தொடக் கூடாது. பால் முழுக்க வற்றி எண்ணெய் அடியில் இறங்கினால்தான் ஆயில் டவுன், அதாவது எண்ணெய் இறங்கியது, என்ற பெயர் அதற்குப் பொருந்தும். பாதியில் திறந்து கிளறியது வெறும் கூழ்.

மூன்று மணி தாண்டியதும் ஆல்பன் முற்றத்தில் நடக்கத் தொடங்கினான். கடைசியில் ஐஸ்மேயும் தாங்க முடியாமல், ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்துவிட்டுக் கிளம்பட்டுமா, சாப்பிட்டதாக ஆகிவிடும் அல்லவா என்றாள்.

ஒடெட் விறகை உள்ளே தள்ளினாள்.

"புயல்ல அன்னைக்குக் கரண்ட் இல்ல" என்றாள். "ஆஸ்பத்திரியிலயும் இல்ல, எங்கயும் இல்ல. ஊர்ல ஐஸ் இருந்தது மீன் சந்தையில மட்டும்தான். மீன் பெட்டியில அம்மாவ வெச்சுக்கோன்னு சொன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. எனக்கு மனசு வரல மேமே. அத அத்தன பேர் முன்னால எப்படிச் சொல்றது? அம்மாவையும் மீனையும் ஒரே வாயால?"

மேமே என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். அப்படிக் கூப்பிட உயிரோடு மிஞ்சியிருந்தது ஒடெட் ஒருத்திதான்.

ஐஸ்மேக்கு அந்த முற்றம், தட்டுகளோடு நின்ற ஆட்கள், பதில் சொல்லாமல் நின்ற அக்காவின் கழுத்து எல்லாம் கண்முன் வந்தன. மன்னிப்பு என்று ஒரு சொல் இருப்பது அவளுக்குத் தெரியும். அது அந்த இடத்துக்குச் சின்னதாக இருந்தது. பானை மெல்லிதாகச் சலசலத்தது. இன்னும் பால் இருக்கிறது.

"ஆல்பன்" என்றாள் திரும்பாமல். "நீ கெளம்பு. மாத்திரையெல்லாம் கப்பல்ல இருக்கு உனக்கு."

"நீ?"

"சாப்பாடு இன்னும் ஆகல."

ஆல்பன் அவள் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டான். ஹடர்ஸ்ஃபீல்டில் ரொட்டி வாங்கப் போனாலும் அது கைப்பையில்தான் இருக்கும், இப்போதும் இருந்தது. துறைமுகத்தில் தகவல் சொல்லிவிடுவதாகவும் அவள் துணிகளைக் கீழே இறக்கிக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னான்.

"கப்பல்ல சாப்பாட்டு மேஜையில எல்லாரும் கேப்பாங்களே, நான் என்னத்தச் சொல்ல?"

"பொண்டாட்டி அடுப்பப் பாத்துட்டு இருக்கான்னு சொல்லுங்க" என்றாள் ஒடெட்.

அவன் போன வேன் சத்தம் தேய்ந்ததும் ஒடெட் இன்னும் ஒரு விறகு வைத்தாள். வெளிச்சம் சாய்ந்தபோது கடல் பக்கம் கப்பலின் ஊதல் கேட்டதாக ஐஸ்மே சொல்வாள். அவ்வளவு தூரத்திலிருந்து இங்கே கேட்காது. பானைக்குள் சலசலப்பு அடங்கிப் பொரியும் ஓசை வந்ததும் ஒடெட் மூடியைத் திறந்தாள். இரண்டு தட்டு எடுத்தாள். ஐஸ்மே முழுத் தட்டையும் சாப்பிட்டாள்.

ஈஸ்டர் முடியும்வரை ஐஸ்மே இங்கேயே இருந்தாள், பிறகு இங்கிலாந்து திரும்பினாள். ஆல்பன் மிச்சப் பயணத்தைத் தனியாக முடித்து ஊர் சேர்ந்தான். போன குளிர்காலத்தில் நெஞ்சுவலியில் இறந்தான். ஐஸ்மே இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். ஒடெட் கடையை ஃபிட்ஸ்ராயிடம் விட்டுவிட்டாள். கண் மங்கிவிட்டது, சமையல் மட்டும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமல்.