மூன்று தும்மல்

“பலகையைப் பாத்துப் பேசாதீங்க சார், மூஞ்சிகளை எண்ணுங்க! உள்ளே போனது ஒம்பது பேரு, வெளியே நிக்கிறது எட்டு!”

“கத்தாதே! ஒம்பது டோக்கனும் ‘வெளியே’ வரிசையில தொங்குதா இல்லையா?”

“தொங்குது. மாட்டினது யாரு?”

மேலாளர் மறுபடி பலகையைப் பார்த்தார்.

மீன் பெட்டிகளை உறையவைக்கும் குளிர்கிடங்கு அது. உள்ளே போகிறவர் தன் டோக்கனை ‘உள்ளே’ வரிசையில் மாட்டுவார். திரும்பியதும் தானே ‘வெளியே’ வரிசைக்கு மாற்றுவார். புது மேலாளர் வந்து நாலே மாதத்தில் அந்தத் ‘தானே’ காணாமல் போயிற்று. ஐந்து மணிக்குப் பலகையைப் படம் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். ‘உள்ளே’ வரிசை காலியாக இருந்தால் சபாஷ். எனவே ஐந்தடிக்கும் முன்பே எல்லா டோக்கனையும் அவரே தள்ளி மாட்டிவிட்டுக் கதவையும் பூட்டிவிடுவார். பெண் பார்க்கும் முன்பே பேரனுக்குப் பெயர் வைக்கிற ஜாதி. ‘அட்டவணை’ என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

எதிரே நின்றவள் பெட்டி அடுக்குகிறவர்களில் மூத்தவள், எல்லோருக்கும் பெரியக்கா. பதவி என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அவள் கையுறையை இழுத்து மாட்டினால் போதும், மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள். மேலாளர் மணியடித்தால் நாலு பேர் எழுவார்கள், மீதிப் பேருக்குக் கழிவறை ஞாபகம் வரும். இந்த வயிற்றெரிச்சலை அவர் மனைவியிடம் கொட்டுவது மதில் தாண்டி எங்கள் வீடுவரை கேட்கும்.

“சரி, யாரு இல்லைங்கறே?”

“நம்ம தும்மல்.”

குளிரிலிருந்து வெளியே வந்ததும் தவறாமல் மூன்று முறை தும்முகிற ஆள்.

“இன்னிக்கு ஒண்ணுகூடக் கேக்கல சார்.”

“தும்மலை வெச்சு ஆளை எண்ணறியா? வீட்டுக்குப் போயிருப்பான்.”

“சாப்பாட்டு டப்பா இங்கேதான் இருக்கு. அதை விட்டுட்டுப் போனா அவங்கம்மா அவனை வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க.”

யாரும் சிரிக்கவில்லை.

சாவி மேலாளரின் சட்டைப்பையில் இருந்தது. ஐந்துக்குப் பிறகு கதவு திறந்தால் குளிர் குறைந்தது பதிவாகும், ‘ஏன்’ என்று மேலிடம் கேட்கும். அதுவரை அவருக்கு இருந்த பயம் அவ்வளவுதான். பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்து மூன்று வாரம் ஆயிற்று. பெரியக்கா எழுதிக் கொடுத்த புகார்ச் சீட்டு அவர் கோப்பில் தேதிவாரியாகப் பத்திரமாக இருந்தது.

கடிகாரம் ஐந்தே கால் காட்டியது. கதவில் காதை வைத்தார். ஒரு சாண் தடிமன், எதுவும் கேட்கவில்லை. மற்ற ஏழு பேரும் பெரியக்காவுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. சாவி துவாரத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் குத்தியது.

“மூச்சு விட்டுட்டுத் திறங்க சார். திட்டறதை அப்புறம் வெச்சுக்கறேன்.”

கதவு திறந்தது. வெள்ளைப் புகை முகத்தில் அறைந்தது. ஓரடி உள்ளே வைத்தார், அதே வேகத்தில் பின்வாங்கினார்.

“நீங்க கதவைப் பிடிச்சுக்குங்க. மூடிக்கிட்டா எங்களையும் எண்ண வேண்டியிருக்கும்.”

இருவரைக் கூட்டிக்கொண்டு அவள் புகைக்குள் மறைந்தாள். மேலாளர் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டிகள் சரியும் சத்தம். பிறகு எதுவுமில்லை. ஐயோ, மூவரும் போனார்களா? முகங்களை எண்ணினார். ஐந்து. மறுபடி எண்ணினார். ஐந்தேதான்.

வாசலோரப் புகைக்குள் ஒரு தும்மல்.

இன்னொன்று.

மூன்றாவதற்காகக் காத்து நின்றார். வரவில்லை.

நீலம் பாரித்த உதடுகளோடு அவனைத் தூக்கி வந்தார்கள். சரிந்த பெட்டிகளுக்கு அடியில் கால் மாட்டியிருந்தது. மூன்றாவது தும்மல் மருத்துவமனையில்தான் வந்தது. அதைக் கேட்டு முதலில் அழுதவள் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற பெண். அவள் மனசு எல்லோருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டு விரல் போன காலோடு ஏழாம் மாதம் அவளைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்தில் பெரியக்காவுக்கு முதல் வரிசை.

மேலாளர், காகிதம் மட்டுமே இருக்கிற ஓர் அலுவலகத்துக்குத் தானே மாற்றல் கேட்டு வேறு ஊர் போய்விட்டார். மனைவி போனில் புலம்புகிறாள்: தினமும் வீட்டைப் பூட்டும் முன் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாராம், குரல் கேட்காமல் சாவியைத் தொடுவதில்லையாம். ஆறு வருஷமாக அவரோடு பேசாத மாமியார்கூட இப்போது தினம் ஒரு தடவை “இருக்கேன்” என்கிறாளாம்.