கிரேனில் ஏறிய புன்னை

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் நிழல் என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒரே ஒரு புன்னை மரம். அதன் அடியில் இருதயம்மாள் சோற்றுக்கடை போட்டிருந்தாள். சுமை தூக்குகிறவர்கள் அவளுடைய மீன் குழம்புக்காகவும் வருவார்கள், வாய்க்காகவும் வருவார்கள். காரம் இரண்டிலும் ஒன்றுதான்.

மரம் நின்ற மனை வேதமாணிக்கம் முதலாளியுடையது. தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து கம்பி வியாபாரத்தில் கொழித்தவர். ஐப்பசி மழையில் கம்பியெல்லாம் துருப்பிடித்ததும், அங்கே கொட்டகை போடுவதென்று முடிவு கட்டி மரம் வெட்ட ஆட்களைக் கூட்டிவந்தார். இருதயம்மாள் கையில் கரண்டியோடு குறுக்கே நின்றாள்.

"மொதல்ல என்ன வெட்டு. அப்பால மரத்த வெட்டு."

"ஒன்ன வெட்டிட்டா சோத்துக்கு எங்க போக? தள்ளு" என்றார் முதலாளி. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் அவருக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. "அவ்வளவு ஆசைன்னா வேரோட பேத்து எடுத்துட்டுப் போயேன். நானா வேண்டாங்கேன்?"

"எல்லாரும் கேட்டுகினீங்கல்ல?" என்றாள் இருதயம்மாள். "மொதலாளி மரத்த எனக்குக் குட்த்துட்டாரு!"

சந்தையே கைதட்டியது. சொன்ன சொல்லை விழுங்க வழியில்லாமல் முதலாளி வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

இருதயம்மாளின் மகள் டெபோரா, எண்ணூர்த் தொழிற்சாலைகளில் மரம் வளர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தாள். அம்மாவின் வீரப்பிரதாபத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நவுத்தலாம்மா. ஆனா மழ நிக்கணும், பனி எறங்கணும். மார்கழில மரம் கொஞ்சம் தூங்கும், வெயிலும் சுடாது. அப்பதான் வேரு புடிக்கும். எங்க நடப் போற?"

"ரோட்டுக்கு அந்தாண்ட, கால்வாயோரம்."

"அது யாரு எடம்?"

"யாருதும் இல்ல. அப்போ நம்மளுது."

மார்கழி வரும்வரை டெபோரா மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, வேர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எரு போட்டாள். கடைசியில் கிளைகளையும் பாதிக்கு மேல் கழித்துவிட்டாள். இருதயம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"அடியே! காப்பாத்துடின்னா மொட்டையா அடிக்கிற? திருத்தணிக்கா இட்டுனு போற?"

"வேரு பாதி பூட்ச்சு. இத்தினி எலைக்கும் தண்ணி யாரு குடுப்பா, நீயா?"

அடுத்தது கிரேன். இரும்புச் சுருள் தூக்கும் கிரேன் ஹபீபுல்லா பாயிடம் இருந்தது.

"கிரேன் இன்னா ரிக்சாவா, நீ கூப்ட்டா வர?" என்றார் பாய்.

"வஞ்சிரம் தலைய தெனமும் யாருக்கு எடுத்து வெக்கிறேன் பாய்?"

பாய் தாடியைத் தடவினார். "நடுத்துண்டும் வெப்பியா?"

ஒரு பனிக்காலையில் மரம் எழுந்தது. வேர்மண் சாக்கில் கட்டிய பெரிய மூட்டையாகத் தொங்க, சாலை நடுவே ஊஞ்சலாடியது. இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தன. ஒரு டிரைவர் தலையை நீட்டினான்.

"இன்னாக்கா, கிறிஸ்மஸ் மரமா?"

"ஆமாண்டா. உச்சில நட்சத்திரமா உன்னத்தான் கட்டப் போறேன், எறங்கி வா!"

மரம் போகிற போக்கில் கேபிள் ஒயரை அறுத்துக்கொண்டு கால்வாயோரக் குழிக்குள் இறங்கியது. சந்தை முழுக்க டிவி அணைந்தது. இருதயம்மாளை அன்று எல்லோரும் திட்டினார்கள். அவளும் யாருக்கும் பாக்கி வைக்கவில்லை.

தை பிறந்ததும் எஞ்சிய இலைகளும் பழுத்து விழுந்தன. மொட்டை மரத்தடியில் அடுப்பு வைத்த இருதயம்மாள் வெயிலில் வெந்தாள். சுமை தூக்குகிறவர்களோ அவளிடம் வாங்கிய பொட்டலத்தை முதலாளியின் புதுக் கொட்டகை நிழலில் பிரித்தார்கள். "யக்கா, நெழலு எப்ப டெலிவரி?" என்று அங்கிருந்தே கத்தினார்கள். அவள் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, மரத்துக்கு இன்னொரு குடம் ஊற்றினாள்.

சாயங்காலம் டெபோரா பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சையாக இருந்தது.

"உசுரு கீதும்மா."

அவ்வளவு போதும் இருதயம்மாளுக்கு. மறுநாள் சட்டி பானைகளோடு நேரே கொட்டகைக்குள் நுழைந்தாள்.

"ஏய், இங்க என்ன?" என்று பதறினார் முதலாளி.

"என் நெழலுக்கு ஒடம்பு செரியில்ல மொதலாளி. தேறி வர்ற வரிக்கும் உன் நெழலு."

"யாரக் கேட்டு?"

தோளில் கம்பியோடு வந்தவர்கள் கம்பியை அப்படியே கீழே போட்டுவிட்டு அவள் பக்கம் வந்து நின்றார்கள். சரக்கு இறக்க வேண்டிய லாரி வாசலில் நின்றது. முதலாளி லாரியைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"அடுப்ப மட்டும் வெளிய வை" என்றார்.

பங்குனியில் புன்னை தளிர்விட்டது. இருதயம்மாள் சாலையைக் கடந்து ஓடி, "இத்தினி நாளு இன்னாடி பண்ணிகினு இருந்த?" என்று மரத்தைத் திட்டினாள். திட்டும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தவளிடம் முதலாளி கேட்டார். "அதான் துளுத்துட்டே. எப்பப் போற?"

"தளிரு அடியில ஒரு எறும்புதான் ஒக்காரும். பெர்சாவட்டும் மொதலாளி."

முதலாளி அவளை முறைத்தார். பிறகு கம்பிக் கட்டின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்து, "ஒரு தட்டு எடு" என்றார்.