தோளில் ஒரு சிங்கம்

இடது தோளில் துப்பட்டா பட்டதும் முத்துச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டாள். முந்தாநாள் வெறும் எரிச்சலாக இருந்தது, இன்று காலை கழுத்தோரம் வரை கொத்துக் கொத்தாகக் கொப்புளம். அக்கிதான். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி கடைசி வருடம் படிக்கிறவளுக்கு அந்தக் கிருமியின் பெயரும் தெரியும். சிறுவயதில், பிறந்த ஊரான எழுமலையில் அம்மை போட்டபோது உடம்புக்குள் வந்து நரம்பில் படுத்துக்கொண்டது. காவல் தளரட்டும் என்று இத்தனை வருடம் காத்திருந்து, இப்போது எழுந்துவிட்டது.

அவள் அதை மறைத்ததற்குக் காரணம் மாமியார் மலையம்மாள். படிப்பை முடிக்க விட வேண்டும் என்று கல்யாணப் பேச்சிலேயே செல்வி கேட்டு வாங்கிய வாக்கு, அந்த வீட்டில் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஆட்டம் கண்டது. பல்கலைக்கழகத் தேர்வுக்கு முன் தினமும் மாதிரித் தேர்வு என்று கல்லூரி ஆரம்பித்ததிலிருந்து வாய்ப்புண், சளி, மறுபடி காய்ச்சல். வகுப்பில் பாதிப் பேருக்கு அதே கதை. படிப்புச் சூடு தலைக்கேறிவிட்டது, நிறுத்தினால் சரியாகிவிடும் என்பது மலையம்மாளின் தீர்ப்பு. அக்கி என்று தெரிந்தால் அத்தோடு முடிந்தது.

கண்டுபிடித்தவன் அவள் கணவன் அருண்பாண்டி. பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவன். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே அழுகல் இருப்பதைச் சொல்லிவிடுவான்.

"முட்டைக்கோஸ் கணக்கா என்னத்துக்கு இப்படிப் போத்திக்கிட்டுத் திரியிற? காட்டு."

காட்டினாள். அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

கே.கே. நகர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், கொப்புளங்களுக்கு மேல் துணி வைத்துக் கட்டினார். தூக்கமில்லை, நேரத்துக்குச் சாப்பாடில்லை, ஓயாத பதற்றம். எதிர்ப்புச் சக்தி இறங்காமல் என்ன செய்யும் என்றார். ஒரு வாரம் ஓய்வு வேண்டும் என்று சான்றும் கொடுத்தார், புண்ணின் மேல் எதையும் பூசக்கூடாது என்றார்.

வீடு திரும்பினால் அக்கி எழுதுகிற பேச்சிமுத்து வேளார் செங்காவிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். அக்கி கண்ட இடத்தில் காவியால் சிங்கம் எழுதினால் இறங்கிவிடும் என்று மலையம்மாள் வரவழைத்திருந்தாள். செல்வி டாக்டர் சொன்னதைச் சொன்னாள். மாமியார் தான் சொன்னதையே சொன்னாள். கடைசியில் கட்டுக்கு வெளியே, நல்ல தோலில் மட்டும் எழுதுவதென்று முடிவானது. வெள்ளைத் துணியைச் சுற்றிப் படுத்த சிங்கம் கழுத்துப் பக்கம் வாயைத் திறந்திருந்தது.

"இனிமே காலேசு வேணாம்" என்றாள் மலையம்மாள்.

"சிங்கம் எழுத விட்டேன்ல அத்தை? அதுக்கு மேல கேக்காதீங்க. படிப்ப நிப்பாட்ட மாட்டேன்."

மாலையில் துறையிலிருந்து செய்தி வந்தது. மறுநாள் மாதிரித் தேர்வுக்கு வராதவர்களுக்கு அகமதிப்பெண் இல்லை. மருத்துவச் சான்று இருந்தால் நேரில் வர வேண்டும். அகமதிப்பெண் இல்லையென்றால் பெரிய தேர்வை எழுத முடியாது. இரண்டு வருடப் படிப்பும் போனதுதான்.

காலையில் காய்கறி ஏற்றும் குட்டியானை வண்டியில் கல்லூரிக்குக் கிளம்பினார்கள். அழைக்காமலே மலையம்மாளும் ஏறிக்கொண்டாள். இன்றோடு படிப்பை நிறுத்தி, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

துறைத்தலைவர் பவதாரிணி மருத்துவச் சான்றைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். இந்த மாதம் இது எத்தனையாவது என்றே தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டார்.

"உடம்பு ஒத்துழைக்கலைன்னா டிஸ்கன்டினியூ பண்ணிரும்மா. கல்யாணமானவங்களுக்கு இது கஷ்டம்தான்."

செல்வி துப்பட்டாவை எடுத்தாள். சிங்கம் பவதாரிணியைப் பார்த்தது.

"ஸ்ட்ரெஸ் வந்தா இம்யூனிட்டி எறங்கும்னு பாடம் எடுத்ததே நீங்கதான் மேடம். இன்னைக்கு டெஸ்ட்லயும் அதத்தான் கேப்பீங்க. நான் எழுத மாட்டேன். ஒடம்பு தேறி வந்து, ஒரே டெஸ்ட் எழுதுறேன். பெரிய பரீட்சையும் எழுதுவேன். முடியாதுன்னா பிரின்சிபால்ட்ட போவோம். வாய்ப்புண்ணுக்காரி, காய்ச்சக்காரி எல்லாரையும் கூட்டிட்டு வாரேன்."

விதிமுறை என்று பவதாரிணி ஆரம்பித்தார். அதற்குள் மலையம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"ஏம்மா, எம் மருமகளப் படிப்ப நிப்பாட்டச் சொல்ல நீ யாரு? நிப்பாட்டணும்னா நான்ல சொல்லணும்?"

அருண்பாண்டி சிரிப்பை அடக்க முடியாமல் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிரின்சிபால் வரை போனால் துறைக்குத்தான் கெட்ட பெயர் என்று பவதாரிணிக்குத் தெரியும். சிங்கத்தைப் பார்க்காமலே சான்றின் ஓரத்தில் மறுதேர்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது வண்டியில் மலையம்மாள் மருமகளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். பரவை நெருங்கும்போது, வெயில் படாமல் மருமகளின் தோள்மீது தன் முந்தானையைப் பிடித்தபடி சொன்னாள்.

"அங்க வச்சு விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு பேசினேன். வீட்டுக்குப் போயி நிப்பாட்டத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க அத்தை. நான் கேக்க மாட்டேன்."

"தெரியும்" என்றாள் மலையம்மாள். முந்தானையை அவள் எடுக்கவில்லை.