கொலுப்படியில் போலந்து

போலந்து என்று ஒரு நாடு இனிமேல் கிடையாது என்று எங்கள் வடக்கு உத்தர வீதிக்கு முதலில் அறிவித்தது என் அண்ணா ஸ்ரீனிவாசராகவன்தான். பேப்பரை மடித்துத் தொடைமேல் தட்டிக்கொண்டு, ஏதோ தானே நேரில் போய் அந்த நாட்டைப் பூட்டிவிட்டுச் சாவியோடு வந்தவன் மாதிரி சொன்னான்.

"மேற்கேர்ந்து ஜெர்மன்காரன், கிழக்கேர்ந்து ரஷ்யாக்காரன். ரெண்டு பேருமாப் பங்கு போட்டுண்டுட்டா. உன் வியாபாரமும் முடிஞ்சுது, குமுதா."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். கும்பகோணத்திலிருந்து என் நாத்தனார் வேதவதி எழுதியிருந்தாள். விஜயதசமியன்று வருகிறாளாம், மறுநாள் காலை என்னை அழைத்துக்கொண்டு போகிறாளாம். இளையவளுக்கு இது பிரசவ மாசம், ஆத்தில் அடுப்படியில் நின்று தளிகை பண்ண ஆள் வேண்டும். அண்ணா என்னைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டு, "போயிட்டுத்தான் வாயேன்" என்றான்.

இளையவள் என்றால் என் புருஷனின் இரண்டாம் மனைவி. என் கதையை ஊரே சொல்லும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்குக் குழந்தை இல்லை என்று, ஐந்து வருஷத்துக்கு முன் அவருக்கு வேறு பெண் பார்த்தவள் இந்த வேதவதிதான். மூத்தவள் இருக்கும் வீட்டில் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அதனால் என்னை அண்ணா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூத்தவள் தவறிப்போய்விட்டாள் என்று சொல்லிப் பெண் கேட்டார்கள். நான் இங்கே ஸ்ரீரங்கத்தில் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், அங்கே என்னைச் சாகடித்துவிட்டு முகூர்த்தம் நடத்தினார்கள். விஷயம் தெரிந்த அன்று நான் அழவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நன்றாக அழுதேன். அழுது முடித்தபின் அண்ணாவிடம் போய், என் சாப்பாட்டுச் செலவை நான் கொடுக்கிறேன், கொடுக்கும்வரை யாரும் என்னைப் போ என்று சொல்லக்கூடாது என்றேன். அவனுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் சம்பளம், கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். சிரித்துக்கொண்டே சரி என்றான். நான் கொடுப்பேன் என்று அவன் நினைக்கவில்லை.

கொடுத்தேன். திருச்சியில் தெப்பக்குளத்துக்கு எதிரே அற்புதசாமி படக்கடை வைத்திருந்தார். அந்தோணியார் படம், மேரியம்மாள் படம், காலண்டர், படம் போட்ட தபால் கார்டு எல்லாம் கிடைக்கும். அந்தக் கடைக்கு வரும் ஒரு வெளிநாட்டுப் பாதிரியார் மூலமாக எனக்கு ஒரு விலாசம் கிடைத்தது. கிராக்கோவ் என்ற ஊரில் சோபியா என்று ஒரு வாத்தியாரம்மா, நம் ஊர்ப் படக்கார்டுகளைச் சேர்க்கிறவள். நான் எங்கள் கோபுரம், குதிரைத் தூண்கள், மலைக்கோட்டை என்று ஒரு கட்டு அனுப்பினால், அவள் தன் நாட்டுக் கார்டுகளில் ஒரு கட்டு அனுப்புவாள். அவற்றை அற்புதசாமி கடையில் வைத்து விற்பேன். காலேஜ் பையன்களும் பொன்மலை ரயில்வே ஆட்களும் வாங்குவார்கள். எனக்கும் சோபியாவுக்கும் இங்கிலீஷ் சொந்தமில்லை, அதனால் தப்பைப் பற்றிய பயமில்லாமல் இரண்டு பேரும் எழுதிக்கொண்டோம்.

பழைய அரண்மனை, பழைய கோயில் எல்லாம் அவள் அனுப்பமாட்டாள். நேற்றுக் கட்டியதைத்தான் அனுப்புவாள். வார்சாவில் எழும்பிய பதினாறு மாடிக் கட்டடம். மீன்பிடிக் கிராமமாக இருந்து பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் பெரிய துறைமுகமாகிவிட்ட கிடீனியா. பனிமலையில் கால்சட்டை போட்டுக்கொண்டு சறுக்கும் பெண்கள். ஏன் எல்லாம் புதிதாகவே அனுப்புகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். தான் பிறந்தபோது தன் நாடே எந்த வரைபடத்திலும் இல்லை என்று பதில் எழுதினாள். நூறு வருஷத்துக்கு மேலாக மூன்று ராஜாக்கள் பங்கு போட்டு வைத்திருந்தார்களாம். பள்ளிக்கூடத்தில் அந்த நாட்டுப் பேரைச் சொன்னால் அடி விழுமாம், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா பாஷை சொல்லிக் கொடுத்தாளாம். நாங்கள் திரும்பி வந்து என்னென்ன கட்டியிருக்கிறோம் என்று நீ பார்க்கவேண்டாமா என்று முடித்திருந்தாள்.

இதெல்லாம் தெரிந்த என்னிடம் போய் அண்ணா, நாடு முடிந்தது என்கிறான்.

அற்புதசாமியும் அதைத்தான் சொன்னார். விற்காத கார்டுகளை எல்லாம் ஒரு காகிதப் பையில் போட்டு எடுத்து வைத்திருந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. கையில எடுத்துப் பாக்குறாங்க, போலந்தான்னு கேக்குறாங்க, வெச்சிட்டுப் போயிடுறாங்க. இல்லாத ஊருக் கார்டு எதுக்குன்னு ஒருத்தர் சிரிக்கவே சிரிச்சிட்டாரு. ஒரு வழி இருக்கு. இந்த மலைக் கார்டெல்லாம் சுவிட்சர்லாந்துன்னு ஒரு சீட்டு எழுதி வெச்சிடுவோம். பின்னாடி இருக்கிற எழுத்தை இங்க யாரு படிக்கப் போறா? பனி எல்லா ஊர்லயும் வெள்ளைதானே? நாளைக்கே வித்துப்போயிடும்."

நல்ல மனுஷர். எனக்காகத்தான் யோசித்திருக்கிறார். இருந்தாலும் எனக்கு உச்சந்தலை வரை சுறுசுறுவென்று ஏறியது. உயிரோடு இருக்கிறதைச் செத்தது என்று சொல்லி, அதன் இடத்தில் வேறு பேரைக் கொண்டுவந்து உட்கார்த்துகிற வேலையை நான் ஒருதரம் அனுபவித்தாயிற்று. அதை என் கையாலேயே இன்னொருத்திக்குச் செய்ய வேண்டுமா?

"போலந்துன்னு சொல்லித்தான் விப்பேன். இல்லேன்னா விக்கவே வேண்டாம்" என்று பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். காவேரிப் பாலம் தாண்டுகிறவரை வீறாப்பு இருந்தது. அப்புறம் பயம் வந்துவிட்டது. கடையில் விற்காவிட்டால் எங்கே விற்பது? விஜயதசமிக்கு வேதவதி வந்து நிற்பாளே!

வீட்டில் மன்னி ரங்கநாயகி கொலுவுக்குப் படி கட்டிக்கொண்டிருந்தாள். கொலு விஷயத்தில் மன்னி சக்கரவர்த்தினி. வைத்த பொருளை விஜயதசமி வரை யாரும் அசைக்கக்கூடாது என்பது அவள் சட்டம். முதல் வருஷம் நான் ஒரு கிளிப் பொம்மையைச் சற்றே திருப்பி வைத்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

"மன்னி, கடைசிப் படியை எனக்குத் தரியா?" என்று கேட்டேன்.

"என்னத்தை வேணா வெச்சுக்கோ. வெச்சப்புறம் மாத்தப்படாது" என்றாள்.

வைத்தேன். மூங்கில் சிம்பு முட்டுக்கொடுத்து ஒவ்வொரு கார்டாக நிறுத்தினேன். நடுவில் பதினாறு மாடி, வலப்பக்கம் கப்பல்கள், இடப்பக்கம் பனிமலை. ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் போலந்து என்று எழுதி, கீழே விற்பனைக்கு, கார்டு ஒன்று இரண்டணா என்றும் எழுதி வைத்தேன்.

மறுநாள் மாலை அண்ணா அதைப் படித்துவிட்டு முகம் சிவந்தான். "கொலுவிலே கடை வெச்சிருக்கியா? மானம் போறதுடி! கோயில்ல தாயாரைச் சேவிச்சுட்டு ஊர்ப் பொம்மனாட்டிகள்லாம் இங்கேதான் வருவா. எடு அதை!"

"மேல்படியில செட்டியார் பொம்மை பருப்பும் அரிசியும் பரப்பிண்டு கடைதானே வெச்சிருக்கார்? அவரை ஒண்ணும் சொல்லக் காணுமே" என்றேன்.

அவன் குனிந்து அட்டையில் கை வைக்கப்போனான். சுண்டல் கிளறிக்கொண்டிருந்த மன்னி கரண்டியோடு வந்துவிட்டாள்.

"ஏன்னா, கொலுவில வெச்சதைத் தொடப்படாது. போலந்தானா என்ன, பொம்மையானா என்ன. கையை எடுங்கோ."

அண்ணா கையை எடுத்தான். மன்னி என் பக்கம் பேசினாளா, கொலுவின் பக்கம் பேசினாளா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் போதும் என்றிருந்தது.

பெண்கள் வந்தார்கள். முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டாம் நாள் குனிந்து பார்த்தார்கள். "இது கோபுரமா?" என்று ஒரு மாமி கேட்டாள். "கோபுரமில்லை மாமி, மனுஷா குடியிருக்கற கட்டடம். நாம மொட்டைக் கோபுரத்தை எத்தனை காலமா மொட்டையாவே வெச்சிருக்கோம்? அவா ஆரம்பிச்சதை முடிச்சுட்டா" என்றேன். மாமிக்குக் கோபம் வந்தது. ஆனால் புடவைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து இரண்டணாவை எடுத்து வைத்தாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. இத்தனை வருஷம் ஆண்பிள்ளைகளுக்கே விற்றிருக்கிறேன். இந்தப் பெண்கள் எவளாவது தெப்பக்குளத்துக் கடைக்குத் தனியாகப் போவாளா? அரிசிப் பானைக்குள் ஒளித்த சில்லறை எல்லோரிடமும் இருந்தது, அதைக் கொண்டுபோக இடம்தான் இல்லை. பனியில் சறுக்கும் பெண்களைத்தான் முதலில் கேட்டார்கள். அந்த நாட்டை அடித்துப்போட்டு விட்டார்களாமே என்று கேட்டவர்களிடம் சோபியாவின் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு பாஷை சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். அடுத்த ஆத்து வைதேஹி தாலியறுத்தவள், கொலுவுக்கு யாரும் அழைக்கமாட்டார்கள். அவள் கொல்லைப்பக்கமாக வந்து, கப்பல் கார்டு ஒன்று வேண்டும் என்றாள். கொலுவில் இருப்பதை இப்போது எடுக்க முடியாதே, முடிந்ததும் தருகிறேன் என்றேன். "நான் எங்கே போயிடப்போறேன்" என்று சொல்லிக் காசைக் கொடுத்துவிட்டுப் போனாள். விற்ற கார்டுகளின் ஓரத்தில் குங்குமப்பொட்டு வைத்தேன். நாளுக்கு நாள் பொட்டு கூடியது.

விஜயதசமி மாலை வேதவதி வந்து இறங்கினாள். வைரத்தோடு, அரக்குப் பட்டு. கொலுவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். எல்லோர் முன்னாலும் என் கன்னத்தைத் தடவி, "அப்படியே இருக்கியேடி குமுதா!" என்றாள். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. அன்று இரவு ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையைப் படுக்கவைத்து மன்னி கொலுவை முடித்தாள்.

மறுநாள் காலையில் வாசலில் ஜட்கா வண்டி நின்றது. கார்டு வாங்கிய பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து பொட்டு வைத்ததை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் நகராமல் படியருகிலேயே நின்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேதவதிக்குப் பொறுமை போய்விட்டது.

"ரயிலுக்கு நாழியாறது. இன்னும் எத்தனை இருக்கு உன் குப்பை?" என்றாள். கைப்பையைத் திறந்து ஒரு பிடி ரூபாயைப் படிமேல் வைத்தாள். "இந்தா. மிச்சத்தை எல்லாம் நானே வாங்கிண்டேன். கடை மூடியாச்சு. இல்லாத ஊரை வித்துண்டு இனிமே யாரும் இங்கே உக்கார வேண்டாம். பெட்டியைத் தூக்கு."

அண்ணா தரையைப் பார்த்தான். பதினாறு மாடிக் கட்டடம் மிச்சத்தில்தான் இருந்தது. நான் அதை எனக்கென்று வைத்துக்கொள்ள நினைத்திருந்தேன். சோபியா எங்கே இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ. ஆனால் வியாபாரி வியாபாரிதான். கேட்டவளுக்கு இல்லை என்று சொல்லக்கூடாது.

பொட்டில்லாத கார்டுகளை ஒன்றுவிடாமல் அடுக்கினேன். வாழைநாரால் கட்டினேன். மிச்சச் சில்லறையை எண்ணி அவள் கையில் வைத்து, கட்டையும் மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்தேன்.

"அப்புறமென்ன? கிளம்பு" என்றாள்.

"கிளம்பிப் போய் என்னை யாருன்னு சொல்வேள், அக்கா?"

"என்னடி உளர்றே?"

"இளையவளோட பொறந்தாத்துக்காரா கேப்பாளே, இவ யாருன்னு. மூத்தவ செத்துப்போயிட்டான்னு சொல்லித்தானே பொண்ணு கேட்டேள்? செத்தவளைத் தளிகைக்கு அழைச்சுண்டு வந்தேன்னு சொல்வேளா?"

கூடத்தில் நின்ற மாமி ஒருத்தி "ரங்கா, ரங்கா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இதுவரை தெருவே அறிந்திருந்தும் யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லாத சொல் அது. வேதவதியின் வைரத்தோடு ஆடியது. அண்ணாவைப் பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் மன்னி, "ஏன்னா, ஜட்காக்காரனை எத்தனை நாழி நிக்கவைக்கறது? அவாளைக் கொண்டுபோய் ஏத்திவிட்டு வாங்கோ" என்றாள்.

வேதவதி கட்டைக் கீழே போடப்பார்த்தாள். சுற்றிலும் இத்தனை பெண்கள் ஆளுக்கொரு கார்டோடு நிற்கும்போது போடமுடியவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பத்திரமா எடுத்துண்டு போங்கோ" என்றேன். "காசு கொடுத்து வாங்கியிருக்கேள், போலந்து உங்காத்துல இருக்கட்டும். என்னை யாரும் விலைக்குப் போடலை. நான் இங்கேதான் இருப்பேன்."