மேசை தட்டும் மன்றம்

எங்கள் நகர மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. தலைவர் படித்து முடித்ததும் உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். ஆயிற்று. அப்படித் தட்டித் தட்டியே தலைவருக்குப் புதுக் கார் வந்தது, மன்ற வாசலில் வண்ண விளக்கு போட்ட நீரூற்று வந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! கடைசியில் சொத்து வரி இரண்டு மடங்காகி எங்கள் தலையில் வந்து விடிந்தது. பக்கத்து வெல்டிங் கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

தட்டியவர்களில் என் தங்கையும் ஒருத்தி. எங்கள் வார்டு உறுப்பினர் அவள்தான். என் கடைசல் பட்டறைக்கு வந்தவளை நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"எல்லாரும் தட்டினாங்கண்ணே. கை தானா போயிடுச்சு."

"தானா போற கைக்கா நாங்க ஓட்டு போட்டோம்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. லேத்தில் மாட்டியிருந்த தண்டை அளவுக்கு மேல் கடைந்து பாழாக்கினேன்.

மறுவாரம் பில் கலெக்டர் வந்தார். புது வரியில் நான் பாதிதான் கட்டியிருந்தேன். மீதியைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"வியாழக்கிழமை கூட்டத்துக்குள்ள கட்டலேன்னா பட்டறைக்கு சீல் வெச்சிடுவோம்" என்றார். "அதோட, இந்த இடம் உங்க அப்பா எழுதி வெச்சபடி உங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. பாக்கி வெச்சிருக்கறவங்க மன்றத்துல உக்கார முடியாது. தங்கச்சி பதவியும் போயிடும்."

அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தலைவர் ஒரு வழி சொல்லச் சொன்னாரு. நீரூற்றைச் சுத்திப் பூங்கா வரப்போகுது. கடன் வாங்கித்தான். அதுக்காக வரி இன்னும் கொஞ்சம் ஏறும். தங்கச்சி வழக்கம்போல தட்டிட்டாங்கன்னா, உங்க பாக்கியைத் தவணையாப் பிரிச்சுக் குடுத்துடுவாரு."

அவ்வளவு கத்திய எனக்கே, தட்டிவிட்டுப் போகட்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. அவள் ஒருத்தி தட்டாவிட்டால் பூங்கா நின்றுவிடப் போகிறதா?

சாயங்காலம் தங்கை வந்தாள். விஷயம் அவளுக்கும் எட்டியிருந்தது.

"நீ சொல்றபடி செய்யறேண்ணே. தட்டவா, வேண்டாமா?"

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் லேத்துகளைப் பார்த்தேன். இருந்தது இரண்டு. பெரியதில்தான் சோறு. சின்னது புஷ், போல்ட் மாதிரிச் சில்லறைச் சாமான் கடைய மட்டும் உதவும். பெரியதைத் தொட்டபடி, "தட்டாதே" என்றேன். "பட்டறையை நான் பாத்துக்கறேன். நீ மன்றத்தைப் பாரு."

பழைய இயந்திரம் வாங்குகிறவர் மறுநாளே வந்தார். ஆட்டை மாட்டைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெரிய லேத்தைப் பழைய இரும்பு விலைக்குக் கேட்டார். அவசரம் என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலும். கொடுத்தேன். லாரியில் ஏற்றும்போது நான் வெளியே வரவில்லை. பணத்தைக் கொண்டுபோய் வரி கட்டி ரசீது வாங்கினேன்.

வியாழக்கிழமை பொதுமக்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தலைவர் பூங்காத் தீர்மானத்தைப் படித்தார். மேசைகள் தடதடவென்று அதிர்ந்தன. என் தங்கை எழுந்து நின்றாள்.

"எனக்கு இதுல சம்மதம் இல்லீங்க."

குரல் கடைசி வரிசைவரை கேட்டது. குறிப்பெழுதும் குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி விழித்தார். இந்த மன்றத்தில் யாரும் மறுத்து அவர் கண்டதில்லை.

"இதை எங்கே எழுதறதுங்க ஐயா?" என்று தலைவரையே கேட்டார்.

சபையே சிரித்தது. "எங்கேயாவது ஓரமா எழுதுப்பா" என்றார் தலைவர். தீர்மானம் நிறைவேறியது. அடுத்ததைப் படிக்கத் தொடங்கினார்கள்.

அவள் உட்காரவில்லை. "எழுதினதை எனக்குக் காட்டுங்க" என்று நின்றுகொண்டே இருந்தாள். குமாஸ்தா எழுதிக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் உட்கார்ந்தாள்.

கூட்டம் முடிந்து பட்டறைக்கு வந்தோம். பெரிய லேத் இருந்த இடத்தைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"பூங்காவும் வருது, வரியும் ஏறுது. உன் லேத்தும் போச்சேண்ணே. என்ன பிரயோஜனம்?"

"அழாதே" என்றேன். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். "அடுத்த கூட்டத்துல என்ன படிக்கப் போறாங்கன்னு முன்கூட்டியே கேட்டு வாங்கிட்டு வா. ரெண்டு பேருமா உக்காந்து ஒரு வரி விடாம படிப்போம். எனக்குத்தான் இப்போ வேலை இல்லையே."